ரேகைக்கு மேலே எழுதியிருப்பது

அனுப்புநர்:
வால்வுக்காரர் (பணி ஓய்வு),
மூன்றாவது வரிசை, கடைசி வீடு,
நீரேற்று நிலையப் பணியாளர் குடியிருப்பு.

பெறுநர்:
ஆவணக் காப்பு அலுவலர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் தலைமை அலுவலகம்.

பொருள்: விசாரணைக் கோப்பு எண் 47/1981 – அதிலுள்ள எனது வாக்குமூலத்தைப் படித்துக் காட்ட மறுத்தது – வரும் நவம்பர் 19 சனிக்கிழமை பதிவறையைத் திறந்து வைக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: (1) எனது விண்ணப்பம், நாள் 12.9.2022. (2) பதிவறையின் மறுப்புக் கடிதம், நாள் 3.10.2022.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவர், தங்கள் அலுவலக வாசலில் மேசை போட்டிருக்கும் மனு எழுத்தர். இரண்டு மூன்று இடங்களில் என் பேச்சை மாற்றி அழகுபடுத்தப் பார்த்தார். வேண்டாம், சொன்னதைச் சொன்னபடியே போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது. எழுத்து இல்லாதவனுக்கு ஞாபகம்தான் பெட்டி. அதில் வைத்ததைக் கரையான் அரிப்பதில்லை. ஆகையால் நான் சொல்லும் நாள், கிழமைகளில் தங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

2. நான் நீரேற்று நிலையத்தில் வால்வு திறக்கும் வேலையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தவன். என் அண்ணன் அதே நிலையத்தில் தொட்டிக்காரர். ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் கலந்து தெளிய வைக்கும் பெரிய தொட்டியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடியில் சேரும் வண்டலை இறங்கி வெட்டி அள்ளுவது அவர் வேலை. அவர் உள்ளே இருக்கும்வரை வால்வு மூடியிருக்க வேண்டும். வால்வு அறைக்கும் தொட்டிக்கும் நடுவே சுவர். கூப்பிட்டால் கேட்காது. ஆகவே தொட்டிக்குள் இறங்கும் ஏணியின் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் என் அறையில் மணி அடிக்கும். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு மணி என்றால் பாதி திற. மூன்று மணி என்றால் ஆள் ஏறியாயிற்று, முழுக்கத் திற. கடிகாரம் எங்கள் அறையில் கிடையாது. எங்களுக்கு மணி என்றால் அந்த மணிதான்.

3. 19.11.1981, வியாழக்கிழமை. நாலு மணிச் சங்கு ஊதியது. நான் தேநீர் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அதன் பிறகுதான் மூன்று மணி அடித்தது. ஒன்று, சற்று இடைவெளி, பின் இரண்டு சேர்ந்தாற்போல. சக்கரத்தைப் பிடித்து இருபத்திரண்டு சுற்றுச் சுற்றித் திறந்தேன். அண்ணன் ஏறியிருக்கவில்லை. தண்ணீரை வடித்து அவரை வெளியே எடுத்தவர்களில் நானும் ஒருவன். கயிற்றின் முனை அவருடைய இடது கையில் சுற்றியிருந்தது. நான்தான் அவிழ்த்தேன். ஏணியில் கால் வழுக்கி, பிடிமானத்துக்குக் கயிற்றைப் பிடித்திருப்பார் என்பது என் ஊகம். ஊகத்தை ஊகமாகவே சொல்கிறேன்.

4. மூன்றாம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் எழுதுவதற்கு ஓர் எழுத்தரும் வந்தார்கள். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். எழுத்தர் எழுதி முடித்தபோது அது அரைப் பக்கம்தான் இருந்தது. மூட்டை நெல்லை உழக்கில் அளந்துவிட்டாரே என்று அப்போதே மனதில் பட்டது. கயிறு கையில் சுற்றியிருந்ததை நான் சொல்ல ஆரம்பித்தபோது அவர் பேனாவை மூடிவிட்டார். எழுதியதைப் படித்துக் காட்டவில்லை. விரலைப் பிடித்து மையில் தோய்த்து அடியில் வைத்தார்கள். என் ரேகைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்பது, ஐயா, இந்த நாற்பத்தொரு ஆண்டில் எனக்குத் தெரியாது.

5. ஆனால் அதற்குப் பிறகு என் அண்ணி என்னோடு பேசவில்லை. எங்கள் வரிசையிலேயே மூன்று வீடு தள்ளி இருக்கிறார். நான் தெருவில் வருவது தெரிந்தால் உள்ளே போய்விடுவார். ஒரே குழாயடியில் நாற்பத்தொரு ஆண்டுகள் தண்ணீர் பிடித்தோம். நான் அடித்து நிரப்பி வைத்த குடத்தை அவர் தொட்டதில்லை, கவிழ்த்துவிட்டு மறுபடி நிரப்பிக்கொள்வார். விசாரணை முடிவு விபத்து என்றுதானே சொன்னார்கள், பின் ஏன் இப்படி என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. வால்வைத் திறந்த கை என்னுடையது. அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

6. இந்த ஆகஸ்டில் குடியிருப்புச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் எனக்குப் படித்துச் சொன்னார். முப்பது ஆண்டு கடந்த கோப்புகளைப் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பதிவறைக்கு வந்து பார்வையிடலாமாம். இறந்தவரின் குடும்பத்தாருக்கு அந்த உரிமை முன்பிருந்தே உண்டாம். அது எங்களுக்கு யாரும் சொல்லாத சேதி. தபால்காரர் சிரித்தார். “உங்களுக்குப் பார்க்க விட்டா போதுமாண்ணே, எறும்பு ஊர்ந்த மாதிரி இல்ல தெரியும்” என்றார். நியாயம்தான். ஆனாலும் யாராவது படித்துச் சொல்ல மாட்டார்களா என்று பார்வை (1)-இல் கண்ட விண்ணப்பத்தைக் கொடுத்தேன்.

7. 14.9.2022 புதன்கிழமை பதிவறைக்குப் போனேன். அது எனக்கு முதல் தடவை. பதிவறை எழுத்தர் அம்மா, பதின்மூன்று ஆண்டுகளாக அந்த இருக்கையில் இருப்பவர், என்னைப் பார்த்ததும் தெரிந்தவரைப் போலச் சிரித்து, “வாங்க ஐயா, இந்தத் தடவை ரெண்டு மாசம் முன்னாடியே வந்துட்டீங்க” என்றார். வேறு யாரோ என்று நினைத்துப் பேசுகிறார் என எண்ணி, நான் இப்போதுதான் வருகிறேன் என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார். “சாயம் அடிக்கறத விட்டுட்டீங்களா? கறுகறுன்னு இருப்பீங்க. ஒரே வருஷத்துல இப்படி ஆயிட்டீங்களே, உடம்புக்கு ஏதாவதா?” என்று கேட்டார். நான் வாழ்நாளில் தலைக்குச் சாயம் போட்டவன் அல்ல. எனக்கு எழுபத்தேழு வயது. என் அண்ணன் போகும்போது நாற்பது. முகத்தில் நாங்கள் இருவரும் ஒரே அச்சு.

8. மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளரும் என்னை அடையாளம் கண்டு, “அப்பாடா, இன்னிக்குக் கால் காஞ்சிருக்கு” என்றார். வருஷா வருஷம் வெயில் காயும் நாளிலும் நான் சொட்டச் சொட்ட வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்வேனாம். முதல் வருடம் நான் தண்ணி போட்டுவிட்டு வந்து எங்கேயோ விழுந்து எழுந்தேன் என்று நினைத்தாராம். பிறகு, குடிநீர் வழங்கல் ஆள் தண்ணீரோடுதானே வருவார் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது.

9. எழுத்தர் அம்மாவிடம், நான் வந்து என்ன செய்வேன் என்று கேட்டேன். அவர் வேடிக்கை என்று நினைத்துப் பதில் சொன்னார். சொன்னதைச் சொன்னபடி தருகிறேன்: “என்ன செய்வீங்க, இந்தக் கோப்ப எடுத்துக் கொடுத்தா உங்க வாக்குமூலத்த படிக்கச் சொல்வீங்க. படிக்கப் படிக்கத் தாள் மேல கைய வெச்சுக்குவீங்க. எடுங்க ஐயா, ஈரம் ஆகுதுன்னாலும் எடுக்க மாட்டீங்க. அரைப் பக்கந்தானே, எனக்கே மனப்பாடம். ‘மூணு மணி’ங்கற இடம் வந்ததும் இன்னொரு தடவை படிங்கம்மான்னு கேப்பீங்க. படிச்சதும் எந்திரிச்சுப் போயிடுவீங்க. அதுக்கப்புறம் இருக்கறத ஒரு நாளும் கேட்டதில்ல.” விண்ணப்பதாரருக்கும் சம்பவத்துக்கும் என்ன தொடர்பு என்று முதல் வருடம் கேட்டதற்கு, சம்பந்தப்பட்டவன் நான்தான் என்று பதில் வந்ததாம். அப்படியே எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

10. நான் நம்பாததைப் பார்த்துப் பார்வையிடுவோர் பதிவேட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். ஐயா, எழுத்துதான் எனக்குத் தெரியாது, ரேகை தெரியும். நானும் அண்ணனும் பதினோரு ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரல் வைத்தவர்கள். என் கட்டம் எது என்பதை மேலே இருக்கும் அவர் ரேகையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், நீங்கள் இரண்டு பேரும் கைவரிசை காட்டுகிறீர்கள் என்று அங்கிருந்தவர்கள் கேலி செய்வார்கள். என் ரேகை நத்தை ஓடு போலச் சுழி. அண்ணனின் ரேகை வளையம். நடுவே வால்வுச் சக்கரம் நசுக்கிய வெட்டு, மேல் பாதி வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கும், வயலின் குறுக்கே வாய்க்கால் ஓடியதுபோல. படித்தவர்களுக்கு எல்லாக் கைநாட்டும் ஒரே மைக்கறை. தாங்கள் ஆயிரம் பேர் கையெழுத்தில் ஒன்றை அடையாளம் சொல்வதுபோல, நான் அந்த ரேகையை அடையாளம் சொல்வேன்.

11. பதிவேட்டில் பதின்மூன்று ரேகைகள் இருந்தன. பதின்மூன்றும் அந்த வெட்டு ரேகை. மை நீலம் அல்ல, மண் பழுப்பு. மைப்பெட்டியை நீட்டினால் வேண்டாம் என்று அப்படியே விரலை வைத்துவிட்டுப் போவாராம். குனிந்து முகர்ந்தேன். படிகாரம் போட்ட வண்டல் வாசனை, தொட்டியைக் கழுவும் நாளில் எங்கள் துணியில் வருமே, அதே வாசனை. கடைசி ரேகையைத் தொட்டேன். பத்து மாதம் ஆகியும் காயவில்லை. மூன்று இடங்களில் ரேகை மட்டும் இருந்தது, நாளும் படித்துக் காட்டியவர் கட்டமும் காலி. தான் வெளியே போயிருந்தபோது காவலர் விட்டிருப்பார் என்று நினைத்தாராம் எழுத்தர் அம்மா. அந்த ஆண்டுகளை அவர் சொல்ல, தபால்காரர் பிறகு நாட்காட்டி பார்த்துச் சொன்னார்: 2011, 2016 இரண்டிலும் நவம்பர் 19 சனிக்கிழமை, 2017-இல் ஞாயிறு. மூன்று நாளும் அலுவலகம் பூட்டு.

12. இது என் ரேகை இல்லையம்மா என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் என் விரலை வைத்துப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்டு ரேகை யாருடையது என்று கேட்டார். சொன்னேன். பதிவேட்டை மூடும்போது ஓரத்தை மட்டும் பிடித்து மூடினார். மறுநாளிலிருந்து நீண்ட விடுப்பு என்று கேள்விப்பட்டேன். அவர் மீது எனக்குக் குறை இல்லை. விதியில் இல்லாத ஒரு காரியத்தை, ஒரு மனிதர் கேட்டார் என்பதற்காகப் பத்து முறை செய்தவர். அவருக்கு எந்தத் தண்டனையும் வரக்கூடாது என்பதை இந்த மனுவின் ஒரு கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

13. அவர் இடத்துக்கு வந்தவர் அனுப்பியதே பார்வை (2)-இல் கண்ட கடிதம். ஒரு கோப்பை ஒரு விண்ணப்பதாரர் ஓராண்டில் ஒரு முறைதான் பார்வையிடலாம், சென்ற நவம்பரில் தாங்கள் பார்வையிட்டதற்குத் தங்கள் ரேகையே சான்று, மேலும் விதியில் ‘பார்வையிடல்’ என்றே உள்ளது, படித்துக் காட்டுதல் பணியாளர் கடமையாகாது என்று அதில் கண்டிருக்கிறது. நான் வாங்காத கடனுக்கு நான் ஜாமீன் நிற்பதுபோல, நான் வைக்காத ரேகைக்கு நான் பொறுப்பாகிவிட்டேன். இறந்தவருக்குப் பத்து முறை திறந்த கோப்பு, உயிரோடு இருக்கிறவனுக்கு ஒரு முறையும் திறக்கவில்லை.

14. இந்தக் கடிதத்தோடு நான் மனு எழுத்தரிடம் வந்து முழுக் கதையையும் சொன்னபோது, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “பெரியவரே, அந்தம்மா படிச்சது மூணு மணியா, மூணு மணிக்கா?” எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்றேன். ஒன்று இல்லை என்று விளக்கினார். மூன்று மணி அடித்தது, திறந்தேன் என்றால் ஒன்று. மூன்று மணிக்குத் திறந்தேன் என்றால் வேறு ஒன்று. நான் மணியோசையைச் சொல்லியிருக்கிறேன். எழுதியவர் கடிகாரத்தை எழுதிவிட்டாரோ, என்றார். அன்றைய உத்தரவு, நாலு மணிக்கு மேல் திற என்பது.

15. அன்று மாலையே அண்ணி வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “மூணு மணிக்கே திறந்துட்டேன்னு நீங்களே ஒத்துக்கிட்டு ரேகை வெச்சிருக்கீங்கன்னு மேஸ்திரி சொன்னாரே.” நிலையத்தில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த மேஸ்திரி இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவரும் அந்தத் தாளில் இருந்ததைத்தான் சொல்லியிருப்பார், பொய் சொல்லும் ஆள் அல்ல. நாலு மணிச் சங்கு ஊதியபோது தொட்டிக்குள்ளிருந்து அண்ணன் பாடும் சத்தம் கேட்டதாக பம்பு ஓட்டுநர் ஒருவர் அண்ணியிடம் முன்பு சொன்னாராம். நான் ஒரு மணி நேரம் முன்பே தண்ணீரைத் திறந்து, முழங்கால், இடுப்பு, கழுத்து என்று அது ஏறும்வரை அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததைத்தான் அந்த ஓட்டுநர் பாட்டு என்று நினைத்தார் என, அண்ணி இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்திருக்கிறார். ஐயா, அது என் மேல் இருந்த பழி என்பதைவிட, அவர் மனதில் தினமும் ஓடிய காட்சி அது. ஒரு ‘க்கு’ இல்லையென்றால், அந்த ஒரு மணி நேரமே நடக்கவில்லை.

16. கதவைத் திறந்து, அந்த ரேகை காய்ந்திருந்ததா ஈரமாக இருந்ததா என்று மட்டும் கேட்டார். ஈரம் என்றேன். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். “நானும் வரேன். வண்டிக்குச் சொல்லி வைங்க தம்பி” என்றார். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனாலும் முறைக்கு நான் தம்பி. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்டது 18.11.1981, புதன்கிழமை.

17. தாமதத்துக்கு இடமில்லாததற்கு இரண்டு காரணங்கள். அண்ணியின் இதயம் பலவீனம், மருத்துவர் குளிர்காலம் தாண்டட்டும் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார். இன்னொன்று, அந்தத் தாள். கை வைத்து வைத்து மேல் வரிகள் இரண்டு கரைந்துவிட்டன என்றும், தாள் ஆண்டுக்கு ஆண்டு ஊறிக்கொண்டே வருகிறது என்றும் எழுத்தர் அம்மா அன்று சொன்னார். மூன்று மணி என்ற இடம் நான்காவது வரி. இந்த ஆண்டு தப்பினால் அடுத்த ஆண்டு அங்கே எழுத்து இருக்குமா என்பது எனக்குத் தெரியாது.

18. வரும் நவம்பர் 19 சனிக்கிழமை, விடுமுறை. ஆகவே அன்று மாலை நாலு மணியிலிருந்து பதிவறையைத் திறந்து வைத்து, எழுத்து தெரிந்த ஒருவரை அங்கே இருக்கச் செய்து, கோப்பு 47/1981-இல் என் ரேகைக்கு மேலே இருப்பதை நானும் அண்ணியும் கேட்கும்படி முழுவதும் படிக்க உத்தரவிட வேண்டுகிறேன். ‘மணி’ என்று இருந்தால் ‘மணி’ என்றும், ‘மணிக்கு’ என்று இருந்தால் ‘மணிக்கு’ என்றும், எனக்கு எதிராக இருந்தாலும் குரலைத் தாழ்த்தாமல் படிக்க வேண்டும். தவறாக எழுதியிருந்தால், அதை அழிக்கச் சொல்லவில்லை. இந்த மனுவை அதன் பக்கத்தில் சேர்த்துத் தைத்தால் போதும். பதிவேட்டிலுள்ள ரேகைகளை இதன் அடியில் உள்ள என் ரேகையோடு ஒப்பிட்டு, மறுப்புக் கடிதத்தைத் திரும்பப் பெறவும் வேண்டுகிறேன்.

19. எங்களுக்கு முன்பாகவே பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவரை எழுப்பவோ, அனுமதிச் சீட்டுக் கேட்கவோ வேண்டாம் என்று காவலருக்குச் சொல்லி வைக்க வேண்டுகிறேன். அவர் இதுவரை ‘மூன்று மணி’யோடு எழுந்து போயிருக்கிறார். அண்ணி இருந்தால் மீதியையும் கேட்பார் என்று நினைக்கிறேன். அவர் வருவதை நம்பும்படி நான் தங்களை வற்புறுத்தவில்லை. கதவு மட்டும் திறந்திருந்தால் போதும்.

20. பதிவறைக்குள் பையோ துணியோ கொண்டு போகக்கூடாது என்று பலகை வைத்திருப்பதாக மனு எழுத்தர் சொல்கிறார். அண்ணி ஒரு துண்டும், மடித்த சட்டை ஒன்றும் கையில் கொண்டு வருவார். வாசலில் நிறுத்தி யாருக்கு என்று கேட்டால், அந்தப் பெண்மணி பதில் சொல்லும்படி ஆகிவிடும். அவர் அதை வாய்விட்டுச் சொல்ல நேராமல், அந்த இரண்டு துணிகளையும் உள்ளே விடத் தாங்கள் முன்கூட்டியே எழுத்தில் உத்தரவு தர வேண்டுமென மிகப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பணியாளர் குடியிருப்பு
நாள்: 17.10.2022

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
வால்வுக்காரர்
(இடது பெருவிரல் ரேகை)